மிளகாய் நெடியா, இழுப்பா? பிள்ளையின் மூச்சு சொல்வது

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கமாக ஏ9 வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை வரும். வாய்வழியாக வந்த பௌத்த நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது இங்குள்ள குகை விகாரையில்தான் என்பது மரபு. அதற்கு அடுத்தபடியாக ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கறுவா, ஏலம், சாதிக்காய், கராம்பு, கொக்கோ எல்லாம் செழித்து வரும் மண் இது. முற்றத்தில் மிளகு காயும். மில்லில் தூள் அரைபடும். ஒரு வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தால் நெடி நாலு வீடு தாண்டிப் போகும்.

இப்படிப்பட்ட ஊரில் பிள்ளை இருமினால் பழி முதலில் நெடியின் தலையில்தான் விழும். “மிளகாய் வறுத்த நெடி, வேற ஒண்ணுமில்ல” என்பார் பாட்டி. தடுமன் நெஞ்சில் இறங்கிவிட்டது என்பார் தாய். ஒரு வாரத்தில் இருமல் அடங்கும். பிள்ளை ஓடியாடி விளையாடும். வீடு அதை மறந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். மூன்றாவது, நான்காவது தடவை நள்ளிரவில் நெஞ்சு விசிலடிக்க, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் ஆஸ்துமா என்ற பேச்சே எழும். அப்போதும் பாதிக் குடும்பம் அதை ஒப்புக்கொள்ளாது.

குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. நெடியால் வரும் இருமலும் ஆஸ்துமாவால் வரும் இருமலும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் நடப்பவை இரண்டும் வேறு வேறு. மிளகாயில் காரத்தைத் தருவது காப்சைசின் என்ற பொருள். மூச்சுப்பாதை நரம்புகளின் நுனியில் சூட்டை உணரும் புரதம் ஒன்று உண்டு. காப்சைசின் அதைத் தொட்டதும், நெருப்புப் பட்டதாக நினைத்து நரம்பு அலறுகிறது. இருமல் பிய்த்துக்கொண்டு வருகிறது. இந்தப் புரதத்தை 1997இல் அடையாளம் காட்டிய டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நெடி விலகினால் இருமலும் விலகும். குழாயின் சுவரில் எந்தக் காயமும் மிஞ்சாது. நல்ல சுவாசம் உள்ள எவருக்கும் இது வரும்.

ஆஸ்துமாவில் நடப்பது அழற்சி. ஒவ்வாத பொருள் ஒன்று திரும்பத் திரும்ப உள்ளே போகப் போக, உடலின் காவற்படை அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, சுவரைச் சுற்றியுள்ள தசை சின்னத் தூண்டலுக்கும் இறுகிவிடுகிறது. ஈசினோபில் எனப்படும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. பிள்ளை இருமாத நாட்களிலும் இந்த அழற்சி நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே இருக்கும். ஆஸ்துமாவைப் பற்றிப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த நெருப்பு உள்ளே இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளை விடும் மூச்சில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு எவ்வளவு என்று அளப்பது அது.

அதற்குப் போகுமுன், நெடிமீது விழும் பழியை ஒருமுறை பார்த்துவிடலாம். வாசனைச் சரக்கின் தூசு மனித நுரையீரலை என்ன செய்யும் என்ற கேள்விக்கு இலங்கையில் நெடிய வரலாறு உண்டு. நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. உறகொட மிளகாய் அரைப்பவர்களின் உபாதைகளைப் பற்றி 1967இலும், தேயிலைத் தொழிற்சாலைத் தூசால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலும் பிரித்தானியத் தொழில்சார் மருத்துவ இதழில் எழுதினார். 1984இல் கறுவாத் தொழிலாளர் 40 பேரைப் பரிசோதித்து, அவர்களில் 9 பேருக்கு ஆஸ்துமா இருந்ததைப் பதிவு செய்தார். தேயிலைத் தோட்டமும் வாசனைத் தோட்டமும் சூழ்ந்த மலையகத்து மக்களுக்கு இவை தூரத்துச் செய்திகள் அல்ல. எனினும் அவர் கண்டது நாள் முழுக்கத் தூசுக்குள் நின்று வேலை செய்த பெரியவர்களை. அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் நிலை வேறு. வாசனைச் சரக்கின் நெடி ஏற்கெனவே அழற்சி உள்ள குழாயைச் சீண்டிவிடும். ஆனால் பிள்ளைகளிடம் அழற்சியை மூட்டிவிடும் பொருள் பெரும்பாலும் படுக்கையில் இருக்கிறது.

அது தூசுப்பூச்சி, ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அளவு. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஈரப்பதம் கூடிய மலையடிவாரங்களில் பழைய பஞ்சு மெத்தையும் தலையணையும் அதற்குச் சுவர்க்கம். வீட்டுத் தூசின் ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்பதை 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் எச்சத்திலுள்ள ஒரு நொதியே முக்கியக் குற்றவாளி என்பது பின்னர் தெரிந்தது. சமையல் நெடி பகலில் வருகிறது, பிள்ளைக்கு இழுப்பு இரவிலும் விடியற்காலையிலும் கூடுகிறது என்றால் படுக்கையையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். (ஆஸ்துமா எந்தக் காரணத்தால் வந்தாலும் விடியற்புறத்தில் கூடுவது அதன் இயல்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

இனி அந்த மூச்சு வாயுவுக்கு வருவோம். நைத்திரிக் ஒட்சைட்டு என்றால் வாகனப் புகையில் வரும் நச்சுவாயு என்றுதான் நீண்டகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதே வாயுவை நம் இரத்தக் குழாய்களே உண்டாக்கி, தம்மைத் தளர்த்திக்கொள்ளப் பயன்படுத்துகின்றன என்பது 1980களில் வெளிப்பட்டபோது உடலியலே ஆடிப்போனது. 1992இல் ‘சயன்ஸ்’ இதழ் அதை ஆண்டின் மூலக்கூறாக அறிவித்தது. 1998இல் ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 1991இல் சுவீடனின் லார்ஸ் குஸ்தாப்சன் குழுவினர் இந்த வாயு நாம் விடும் மூச்சிலும் இருப்பதைக் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் ஷெல் அல்விங், எடி வைட்ஸ்பெர்க், ஜோன் லுண்ட்பெர்க் ஆகியோர் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள்.

ஏன் கூடுகிறது? ஒவ்வாமை அழற்சியில் காவற்படை அணுக்கள் இன்டர்லூக்கின்-13 என்ற செய்திப் புரதத்தை வெளியிடுகின்றன. அது மூச்சுக்குழாயின் உட்படல அணுக்களை எட்டியதும், அவை ஒரு நொதியைப் பெருமளவில் தயாரிக்கின்றன. அந்த நொதி ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்குகிறது. குழாய்ச் சுவரிலிருந்து கசியும் வாயு வெளிமூச்சோடு கலந்துவிடுகிறது. மூச்சிழுத்து எடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்து இந்தச் சங்கிலியை அறுத்துவிடும். சில நாட்களிலேயே அளவு இறங்கத் தொடங்கும். கருவி காட்டும் எண்ணுக்கு மருத்துவத்தில் மதிப்பு வந்ததே இந்த இறக்கத்தால்தான்.

பரிசோதனையில் ஊசி இல்லை, இரத்தம் இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாய்க்குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, அதன் வழியாகவே நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். கருவியின் வடிகட்டி வெளிக்காற்றிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டை நீக்கிவிடும். பிறகு ஒரே சீராக ஊத வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குப் பத்து விநாடி, சின்னவர்களுக்கு ஆறு விநாடி. வேகம் விநாடிக்கு 50 மில்லிலீற்றர். திரையில் ஒரு படம் நகரும். பலமாக ஊதினால் மேலே ஏறிவிடும், சோர்ந்தால் கீழே விழும், நடுவில் நிறுத்திவைத்தால் வெற்றி. பல பிள்ளைகள் முதல் தடவை பிறந்தநாள் மெழுகுதிரிக்கு ஊதுவதுபோலப் பலமாக ஊதிவிடுவார்கள். தாதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது, மூன்றாவது தடவையில் பிடித்துக்கொள்வார்கள்.

வேகத்தில் ஏன் இவ்வளவு கறார்? காற்று மெதுவாக வந்தால் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு அதிக நேரம் இருக்கும், வாயு அதிகம் சேரும். வேகமாக வந்தால் குறைவாகச் சேரும். எல்லோரும் ஒரே வேகத்தில் ஊதினால்தான் ஒரு பிள்ளையின் எண்ணை இன்னொரு பிள்ளையின் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். வாய்க்குழாய் சற்று இறுக்கம் காட்டுவதற்கும் காரணம் உண்டு. எதிர்ப்பை மீறி ஊதும்போது உள்நாக்குப் பக்கத்து மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் பின்வாசலை அடைத்துவிடும். அடைக்க வேண்டும், ஏனென்றால் மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் இதே வாயு பன்மடங்கு அதிகமாக ஊறுகிறது. வைட்ஸ்பெர்க்கும் லுண்ட்பெர்க்கும் 2002இல் ஒரு வேடிக்கையான உண்மையைக் கண்டார்கள்: வாயை மூடிக்கொண்டு ராகம் முணுமுணுத்தால் மூக்கிலிருந்து வரும் நைத்திரிக் ஒட்சைட்டு பதினைந்து மடங்கு கூடுகிறது. அந்தக் காற்று கொஞ்சம் கலந்தாலும் நுரையீரலின் கணக்கு கெட்டுவிடும்.

கருவி காட்டும் எண் நூறு கோடி மூலக்கூறுகளில் எத்தனை என்ற கணக்கு. அமெரிக்க நெஞ்சுநோய்ச் சங்கம் 2011இல் வகுத்த வழிகாட்டலின்படி, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 20க்குக் குறைவாக இருந்தால் ஈசினோபில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 35க்கு மேலென்றால் வாய்ப்பு அதிகம். ஸ்டீரொய்ட் பம்புக்குப் பிள்ளை நன்றாக இணங்கும் என எதிர்பார்க்கலாம். இடைப்பட்டதை மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். 2024இல் பிரித்தானியா வெளியிட்ட புதிய வழிகாட்டல், 5 முதல் 16 வயது வரையான பிள்ளைக்கு நோய் வரலாறும் பொருந்தி, எண்ணும் 35ஐத் தொட்டால் ஆஸ்துமா என்று முடிவு செய்யலாம் என்கிறது. எண் தொடாவிட்டால் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்குப் போகச் சொல்கிறது. தூசுப்பூச்சிக்கான தோல் பரிசோதனையும் அந்த வரிசையில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த எண் அழற்சியின் ஒரு வகையைத்தான் காட்டுகிறது; ஆஸ்துமா உண்டு, இல்லை என்று தீர்ப்பு எழுதித் தருவதில்லை. மூக்கொழுக்கும் ஒவ்வாமையும் தோல் கரப்பனும் உள்ள பிள்ளைக்கு இழுப்பே வராமலும் எண் உயர்ந்து நிற்கலாம். வைரஸ் தடுமன் வந்தால் மட்டும் இழுக்கும் சிறு பிள்ளைக்கு எண் தாழ்ந்தே இருக்கலாம். அதற்காக அந்தப் பிள்ளை படும் பாடு பொய்யாகிவிடாது. கீரையும் பீட்ரூட்டும் எண்ணை ஏற்றும், அவற்றில் நைத்திரேற்று நிறைய இருப்பதால். ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. முதல் நாள் கீரைச் சுண்டல் சாப்பிட்டிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லிவிடலாம். புகைபிடிப்பது எண்ணை இறக்கும். ஆசிய, ஆபிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளிடம் இயல்பான அளவே சற்று உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிநாட்டு எல்லைக்கோட்டை நம் பிள்ளைமீது கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மிளகாய் நெடிக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அடுப்படியில் மட்டும் இருமும், இரவில் நன்றாகத் தூங்கும், ஓடினால் இழுக்காது, ஊதிப் பார்த்தால் எண் பத்துப் பன்னிரண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாள்தோறும் ஸ்டீரொய்ட் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. சமையலறைக்கு ஒரு புகைபோக்கியும் திறந்த ஜன்னலும் போதும். அதே இருமலோடு வரும் இன்னொரு பிள்ளைக்கு எண் ஐம்பதைத் தாண்டினால், நெடி வெறும் சீண்டல்தான், அடியில் வேறொன்று இருக்கிறது என்று பாட்டியிடமும் எடுத்துச் சொல்ல முடியும். சொல்லால் நம்பாதவர்கள் எண்ணைப் பார்த்து நம்புவதுண்டு.

பரிசோதனையின் பெரும் பயன் அதற்குப் பிறகு வருகிறது என்பது என் கருத்து. ஆஸ்துமாவுக்குப் பம்பில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. சல்பியூட்டமோல் இறுகிய தசையைத் தளர்த்தி ஐந்து பத்து நிமிடத்தில் மூச்சைத் திறந்துவிடும், அழற்சியைத் தொடாது. பெக்லோமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் பம்ப் அழற்சியைத் தணிக்கும். அடித்த உடனே எதுவும் தெரியாது. குடும்பம் எதை நம்பும்? உடனே வேலை செய்வதைத்தான். இரண்டு வாரம் பிள்ளை இருமாமல் இருந்தால் ஸ்டீரொய்ட் பம்ப் அலுமாரிக்குள் போய்விடும். “நல்லாத்தானே இருக்கான், ஏன் சும்மா மருந்து?” என்ற கேள்வியில் அன்புதான் இருக்கிறது, ஆனால் அடுத்த நள்ளிரவு ஓட்டம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மாதம் கழித்து ஊதிப் பார்க்கும்போது எண் மீண்டும் உயர்ந்திருந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: மருந்து எடுக்கவில்லை, எடுக்கும் முறை பிழைத்து மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது, அல்லது ஒவ்வாத பொருள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறது. வடஅயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், மருந்துக்கு அடங்காத ஆஸ்துமா என்று ஒதுக்கப்பட்ட பெரியவர்களுக்கு ஒரு வாரம் கண்முன்னே ஸ்டீரொய்ட் கொடுத்து ஊதவைத்தார்கள். வீட்டில் மருந்தைத் தவறவிட்டு வந்தவர்களின் எண் மளமளவென இறங்கியது. மருந்து தோற்கவில்லை, அது உள்ளே போகவே இல்லை என்பது தெரிந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம், இன்னும் பலமான மருந்து எழுதப்பட்ட எத்தனை பிள்ளைகளுக்கு முதலில் பம்ப் அடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அதற்காக, கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் இடமில்லை. பிரித்தானியாவில் 6 முதல் 15 வயது வரையான 509 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூச்சு எண்ணையும் அறிகுறிகளையும் பார்த்து, மற்றதற்கு அறிகுறிகளை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குக் கடும் இழுப்பு வந்திருந்தது. 2022இல் வந்த இந்த முடிவு பலருக்கும் ஏமாற்றம். அதற்கு முந்திய பல சிறு ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வோ பிள்ளைகளிடம் இழுப்பு குறைந்ததாகவே சொல்லியிருந்தது. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் மாதாமாதம் ஊதவைக்க வேண்டிய தேவை இல்லை. நோய் இதுதானா என்ற ஐயத்திலும், மருந்து வேலை செய்யவில்லை என்ற குழப்பத்திலும்தான் இந்த எண்ணுக்கு அதிக மதிப்பு.

ஐந்து வயதுக்குக் கீழே இந்தப் பரிசோதனையைச் சரியாகச் செய்ய முடியாது. அங்கே வைத்தியரின் காதும் தாயின் நினைவும்தான் துணை. எந்த வயதானாலும், பேச்சு முட்டி, விலாவிடை உள்வாங்கி, உதடு நீலம் பாய்ந்த பிள்ளையை எந்தக் கருவிக்கும் முன்னால் உட்காரவைக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான்.

இந்தக் கருவி விலை கூடியது, அதன் உணரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கருவி கைக்கெட்டாத இடத்தில் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. 1959இல் மார்டின் ரைட் உருவாக்கிய உச்ச ஊதல்மானி, பீக் ஃப்ளோ மீட்டர் என்று எல்லோரும் சொல்வது, இன்று கையடக்கப் பிளாஸ்டிக் குழாய். இதில் எதிர்மாறாக ஊத வேண்டும்: முழு பலத்தோடு, ஒரே வீச்சில். இது அழற்சியை அளக்காது, குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கும். காலையிலும் மாலையிலும் மும்மூன்று தடவை ஊதி, மிகக் கூடியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு இரண்டு வாரம் போக வேண்டும். காலையில் 180, மாலையில் 220 என்றால் வித்தியாசம் 40; இரண்டின் சராசரி 200; ஆக அன்றைய ஏற்ற இறக்கம் 20 வீதம். இரண்டு வாரச் சராசரி 13 வீதத்தைத் தாண்டினால் பிள்ளையின் மூச்சுக்குழாய் இயல்புக்கு மீறி ஆடுகிறது என்று பொருள். மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கானாலும் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையானாலும், அப்படி ஒரு கொப்பியோடு போகும் தாய்க்கு வைத்தியர் கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும். பிள்ளை அடிக்கும் பம்பையும் கூடவே கொண்டுபோய், வைத்தியர் முன்னால் ஒரு தடவை அடித்துக்காட்டச் சொல்ல வேண்டும்.

பம்பை நேரே வாயில் வைத்து அடித்தால் சின்னப் பிள்ளைக்கு மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அதற்குத்தான் ஸ்பேசர் என்ற இடைக்குழாய். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் குழுவினர் 1999இல், திடீர் இழுப்போடு வந்த பிள்ளைகளுக்கு 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கை ஒட்டி அடைத்து, அதன் வழியாக சல்பியூட்டமோல் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக அந்தப் போத்தல் வேலை செய்தது. ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு அது. அதே ஆய்வில் பொலிஸ்டைரீன் கோப்பையைப் பயன்படுத்தியபோது பலன் தெளிவாகக் குறைந்தது. போத்தலின் கழுத்தைப் பிள்ளையின் உதடு இறுகக் கவ்வுவதுபோலக் கோப்பையின் வாயைக் கவ்வ முடியாதது ஒரு காரணமாக இருக்கலாம்.